குளித்துவிட்டுக் கொண்டுபோன பாட்டில்

கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குக் குழந்தையில்லை. அந்த ஆறு வருஷமும் சோதனைக்குப் போனது என் மனைவி மட்டும்தான். ரத்தம், சிறுநீர், கர்ப்பப்பையைச் சுரண்டிப் பார்த்தது, மருந்தை உள்ளே செலுத்தி எடுத்த எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றுக்கும் அவள் போய்ப் படுத்து எழுந்து வந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். என்னையும் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு டாக்டர் சொன்னார். நான் டாக்டரை மாற்றிவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். வேலை திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலையில். வெல்டிங் முடிந்த ராட்சசக் குழாய்களை உலைக்குள் தள்ளி, மணிக்கணக்கில் சுட்டு எடுக்கும் பிரிவு. எட்டு மணி நேரம் உலை வாசலில் நின்றுவிட்டு வந்தால் வேஷ்டி கட்டிக்கொண்ட பிறகும் தொடை கொதிக்கும். எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அதற்கு உலையைக் காரணம் சொல்லிக்கொள்வேன். என் மனைவி, அது உலைக்குப் போவதற்கு முன்னாலேயே இருந்தது என்பாள்.

கடைசியாகப் பார்த்த தில்லைநகர் லேடி டாக்டர் கறாரானவர். எக்ஸ்ரேயில் ஒரு கருக்குழாய் அடைத்திருப்பது போலத் தெரிகிறது, வயிற்றைத் திறந்து சரிசெய்து பார்க்கலாம் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது பாருங்கள். உடனே அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களை டெஸ்ட் பண்ணாம நான் கத்தியைத் தொட மாட்டேன். நாளைக்கு அவங்க வயித்துல தழும்பு இருக்கும், குறை உங்ககிட்ட இருக்கும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்றார்.

இதற்கு மேல் மாற்றுவதற்கு எனக்கும் டாக்டர் இல்லை. விந்துப் பரிசோதனைக்குப் பாலக்கரையில் ஒரு லேபுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். லேபில் கவுண்டரில் இருந்த பெரியவர் வாய் அகன்ற ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மூன்று நாள் விலகி இருக்க வேண்டும், வீட்டிலேயே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, "சீக்கிரம் கொண்டு வந்துடுங்க" என்றார். அதை அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். நானும் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் அப்பாவும்தான். அப்பா ஆசாரத்தில் ஒரு புள்ளி குறைக்க மாட்டார். நான் அவ்வளவு ஆசாரக்காரன் இல்லை. தொழிற்சாலை கான்டீனில் வெங்காய சாம்பாரை இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொள்கிறவன். ஆனால் சில விஷயங்கள் மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. அப்படிப்பட்ட காரியத்துக்குப் பிறகு தலைக்குக் குளிக்காமல் கூடத்தில் கால் வைக்கக் கூடாது, வாசல்படி தாண்டக் கூடாது. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. உடம்போடு வளர்ந்துவிட்டது.

சித்திரை மாதத்து ஒரு காலை. ஆறரை மணிக்கு மாடி அறையில் காரியம் முடிந்தது. அதை விவரிக்கப் போவதில்லை. பாட்டிலோடு பின்பக்கப் படி வழியாகக் கொல்லைக்கு இறங்கினேன். பெருமாள் இருக்கும் கூடத்து வழியாக அதை எடுத்துக்கொண்டு போக முடியுமா? துவைக்கிற கல்லின் மேல் பாட்டிலை வைத்து, காக்காய் தட்டிவிடாமல் இருக்க ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தேன். கிணற்றில் இறைத்து இறைத்துத் தலையில் கொட்டிக்கொண்டேன். ஈர வேஷ்டியோடு உள்ளே போய் மாற்றிக்கொண்டு, திருமண் இட்டுக்கொண்டு, சந்தியாவந்தனம் பண்ணினேன். அப்பா பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ண உட்கார்ந்தார். மணி அடிக்க ஆள் வேண்டும், அடித்தேன். தீர்த்தம் வாங்கிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். கல்லில் வெயில் ஏறியிருந்தது. குளித்த கையால் பாட்டிலைத் தொட மனம் வரவில்லை. வாழைச்சருகு ஒன்றை உருவி, அதைக்கொண்டு பிடித்து எடுத்துச் சுற்றி, மஞ்சள் பைக்குள் போட்டேன். மொட்டைக் கோபுர ஸ்டாப்பில் முதல் பஸ்ஸில் நெரிசல். அடுத்ததில் ஏறினேன். மெயின்கார்டு கேட்டில் இறங்கி, ரிக்‌ஷாக்காரரோடு சண்டை போட்டுவிட்டு நடந்தே போனேன். லேபை அடைந்தபோது ஒன்பதே முக்கால்.

சீட்டில் எடுத்த நேரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பக் கூச்சமாக இருந்தது. அப்படியே விட்டேன். பெரியவரும் நெற்றித் திருமண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்தேன். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. அசைவு இல்லை. உயிருள்ளவை இல்லை. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை பஸ் போயிற்று என்று தெரியவில்லை. ஆறு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து நான் படித்த பேப்பரெல்லாம் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன சொன்னா?" என்றாள்.

"நார்மலாம்" என்றேன்.

இதைப் போல ஒரு பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. யோசித்துச் சொன்னதும் இல்லை. வாய் திறந்தது, அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ரிப்போர்ட்டைத் தொழிற்சாலை லாக்கரில், பழைய பூட்ஸுக்கு அடியில் வைத்தேன். டாக்டரிடமும் அதையே சொன்னேன், சந்தோஷப்பட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, "அட்மிஷன் அன்னிக்கு ரிப்போர்ட்டை எடுத்துட்டு வாங்க, ஃபைல்ல வச்சுக்கிறேன்" என்றார். பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் அவள் அப்பாவுக்காகப் பொடிகள் இடித்து வைத்தாள். துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். ஒரு மத்தியானம் சாதம் பரிமாறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "யார்கிட்ட குறைன்னு தெரியாமயே இத்தனை வருஷம் இருந்தோமே, அதுதான் கஷ்டம். இப்போ என்கிட்டதான்னு தெரிஞ்சுடுத்து. ஒரு விதத்துல நிம்மதியா இருக்கு."

மோர் சரியில்லை என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். மோரில் ஒரு குறையும் இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயம். அவள் போய்விடுவாள் என்ற பயம்கூட இல்லை. அவள் போக மாட்டாள், என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாள் என்ற பயம். அந்தப் பரிதாபத்திலிருந்து தப்பிக்க அவள் வயிற்றை அறுக்கவும் விடலாம் என்று பன்னிரண்டு நாள் ஓட்டியவன் நான். எழுத வெட்கமாக இருக்கிறது.

அட்மிஷன் நாளில் லாக்கரிலிருந்து எடுத்த ரிப்போர்ட் சட்டைப்பையில் இருந்தது. காட்டப்போகிறேனா, தொலைந்துவிட்டது என்று சொல்லப்போகிறேனா என்று எனக்கே தெரியாது. வராந்தாவில் ஒரு நர்ஸ் படிவத்தை நீட்டி, "இங்க கணவர் கையெழுத்து" என்று விரலை வைத்துக் காட்டினார். மயக்க மருந்து கொடுக்கவும், அறுவை செய்யவும், அதனால் எது நேர்ந்தாலும் சம்மதம் என்று எழுதியிருந்தது. பேனாவைத் திறந்தேன். என் பெயரில் முதல் எழுத்தைக்கூடப் போட முடியவில்லை. அவள் பக்கத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனாவை மூடிவிட்டு, பையிலிருந்த காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இரண்டு தடவை படித்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். நர்ஸை அந்தப் பக்கம் போகவிட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"இன்னும் ஒரு நாழில என்னை அறுத்திருப்பா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவால்லேன்னு சொல்லுவேன்னு நினைக்காதீங்கோ. இது பரவால்லே இல்லை."

அவள் மறுபடி காகிதத்தைப் பிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை, வந்திருக்கவும் செய்யாது.

"எல்லாம் செத்துப்போச்சுன்னு போட்டிருக்கு. சரி. எப்போ செத்துதுன்னு கேட்டேளா?"

"செத்தது செத்ததுதான். அதுக்கு நாழிகை வேற பார்க்கணுமா?" என்று சீறினேன். பொய் சொன்னவன் நான், கோபமும் எனக்குத்தான்.

அவள் எழுந்து போய், இன்றைக்கு வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அன்றைக்கு ரிக்‌ஷாவுக்குச் சண்டை போடவில்லை.

லேபில் அன்று கவுண்டரில் பெரியவர் இல்லை. உள்ளே மைக்ரோஸ்கோப் பார்க்கிற அம்மாவே வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. வெள்ளைக் கோட்டில் ஊதாச் சாயக் கறை. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நோட்டைப் புரட்டினார்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க? நேரம் போடலையே."

ஒரு பெண்பிள்ளையிடம் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். கொல்லையில் நடந்ததையெல்லாம் சமையலறையிலிருந்து பார்த்திருந்த என் மனைவி சொன்னாள்.

"ஆறரை மணி. அப்புறம் குளிச்சார்."

"குளிச்சாரா?"

"தலைக்கு. குளிச்சுட்டு சந்தி பண்ணினார். மாமனார் திருவாராதனம் பண்ணினார், இவர் மணி அடிச்சார். தீர்த்தம் வாங்கிண்டு காப்பி சாப்ட்டார். அப்புறம் பஸ்."

"அதுவரைக்கும் பாட்டில் எங்க இருந்தது?"

"துவைக்கிற கல்லுல. வெயில்ல. மேலே கொட்டாங்கச்சி வச்சிருந்தார்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "ஒரு மணி நேரத்துக்குள்ள எங்க கைக்கு வரணும்மா. சூடும் கூடாது, குளிரும் கூடாது. மூணு மணி நேரம் வெயில்ல கிடந்தா எதுதான் உயிரோட இருக்கும்? நாங்க பார்த்தது அங்க செத்ததைத்தான்" என்றார். பிறகு, "தப்பு எங்க பேர்லயும் இருக்கு. நேரம் எழுதாத பாட்டிலை நாங்க வாங்கியிருக்கக் கூடாது" என்றும் சொன்னார்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். "அதையும் சருகால பிடிச்சு எடுத்துண்டு வந்தார்" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் என்னைக் கேலி செய்து யாராவது சிரித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். "லேபுலயே ரூம் தர்றேன். குளிக்கணும்னா வீட்ல முன்னாடியே குளிச்சுட்டு வந்துடுங்க சார். அப்புறம் வேண்டாம்."

லேபில் ரூம் என்றால், காலி பாட்டில் பெட்டிகளும் உடைந்த நாற்காலியும் போட்டிருந்த ஒரு அறை. ஜன்னலுக்கு வெளியே மாதாகோயில் மணி அடித்தது. அதற்கு மேல் அந்த அறையைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டிலைக் கொடுத்துவிட்டு, குளிக்காமல் என் மனைவி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் ஊறுவது போல இருந்தது. அவள் கொஞ்சம் தள்ளி உட்காருவாள் என்று பார்த்தேன். தள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் அந்த அம்மா கதவைத் திறந்து, "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

முதலில் அவளைத்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அவள் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். நிமிரவே இல்லை. "என்ன தெரியறது?" என்று நான் இரண்டு தடவை கேட்டேன்.

"இருங்கோன்னா" என்றாள். பிறகு, "இத்தனை பேரா!" என்றாள்.

நான் பார்த்தபோது எனக்கு வைகுண்ட ஏகாதசிதான் நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கும்போது முண்டியடித்துக்கொண்டு ஓடுகிற கூட்டம் இருக்கிறதே, அது. கண்ணில் நீர் கட்டி, வட்டம் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அத்தனையும் என்னுடையது, அத்தனையும் உயிரோடு இருந்தது. அந்த நிமிஷம் நின்றது போல நான் எந்தச் சன்னதியிலும் நின்றதில்லை. அப்பா காதில் விழுந்திருந்தால் அதற்கும் ஒரு ஸ்நானம் போடச் சொல்லியிருப்பார்.

"சிலது நின்ன எடத்துலயே சுத்தறதே" என்றாள் மனைவி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஆமாம்மா. நல்லது இருக்கு. ஆனா அசையாததும், தலை கோணினதும் கொஞ்சம் அதிகமாவே இருக்கு" என்றார் அந்த அம்மா. என்னைப் பார்த்து, "சார் என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். உலை என்றதும் அதை ரிப்போர்ட்டின் அடியில் கையால் எழுதினார்.

லேடி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். நார்மல் என்று நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. திட்டி முடித்த பிறகு விளக்கினார். ஆணின் விந்தணு சூடு தாங்காது. எட்டு மணி நேரம் உலை வாசலில் நின்றால் குறையத்தான் குறையும். ஆனால் புதிதாக உண்டாகி வர மூன்று மாதம் போலத்தான் ஆகும். மூன்று மாதம் சூட்டை விட்டு விலகியிருந்து பார்க்கலாம், அதுவரை கத்தி வேண்டாம், எக்ஸ்ரேயில் அடைப்பு போலத் தெரிந்தது வெறும் இறுக்கமாகக்கூட இருக்கலாம் என்றார். "உருவத்தைத்தான் எங்களால பார்க்க முடியும். அந்தத் தலைக்குள்ள என்ன பழுதாயிருக்குன்னு பார்க்க வழியில்லை" என்றும் சொன்னார்.

இப்போது அதற்கும் வழி வந்துவிட்டது. அணுவின் தலைக்குள் இருக்கிற டி.என்.ஏ. இழை எவ்வளவு அறுந்திருக்கிறது என்று லேபில் பார்த்துச் சொல்கிறார்கள். எண்ணிக்கை, ஓட்டம் எல்லாம் சரியாக இருந்தும் கரு தங்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம். சூடு, புகை, காய்ச்சல் எல்லாம் அந்த இழையை அறுக்குமாம். என் இழை எத்தனை அறுந்திருந்ததோ, யார் கண்டது? எங்களுக்குக் கிடைத்தது ஒரு மைக்ரோஸ்கோப்பும் மூன்று மாதமும்தான்.

அந்த மூன்று மாதத்துக்கு உலையை விட்டு மாற வேண்டும். ஷிஃப்ட் இன்சார்ஜிடம் போய் முதுகுவலி என்று சொல்லத்தான் வாய் வந்தது. வராந்தாவில் அவள் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. உள்ளதைச் சொன்னேன். அவர் காதோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டோர்ஸுக்கு என்னை மாற்றின ஒரு வாரத்துக்குள் கான்டீன் முழுவதும் தெரிந்துவிட்டது. "என்ன சார், ஆறிடுச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். உலையில் என்னோடு பத்து வருஷம் நின்ற தொட்டியத்துக்காரர் ஒருவர் மட்டும் கேலி செய்யவில்லை. ஒரு நாள் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து, போல்ட் வாங்குவது போல நின்றுகொண்டு, "அந்த லேப் எங்க இருக்குங்க?" என்று கேட்டார். அவருக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். அட்ரஸ் எழுதிக் கொடுத்து, "பாட்டிலை அங்கயே போய் எடுங்க. முன்னாடியே குளிச்சுடுங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டைப் பஸ் ஸ்டாப்பில் நான் பிரிக்கவில்லை. ஒட்டின கவரை ஒட்டினபடியே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். அவள் பிரித்துப் படித்து, "சுத்தறது குறைஞ்சிருக்கு" என்றாள். நான் ஸ்டோர்ஸிலேயே இருந்துவிட்டேன். அடுத்த சித்திரை வருவதற்குள் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

பிரசவம் அதே ஆஸ்பத்திரியில்தான். வலி எடுத்து ஒரு நாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார்கள். அதே வராந்தா. அதே படிவம். நர்ஸ்தான் வேறு. பேனாவைத் திறந்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்போ போடுங்கோ" என்றாள்.

போட்டேன். கதவு மூடிக்கொண்டது.

அப்பா ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து வராந்தாவில் நின்றிருந்தார். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் உலர்ந்த வேஷ்டி. குழந்தை பிறந்தது காதில் விழுந்ததும் தகப்பன் உடனே ஸ்நானம் பண்ண வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்காக ஆஸ்பத்திரிக் கிணறு எங்கே இருக்கிறது என்றுகூட விசாரித்து வைத்திருந்தார். உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அப்பா சொம்பை என் பக்கம் நீட்டினார்.

"போடா, குளிச்சுட்டு வா."

"அப்புறம் குளிச்சுக்கறேன்பா" என்றேன்.

அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சொம்பைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பெண் குழந்தை. அம்மா நன்றாக இருக்கிறாள் என்றார். நேற்றிலிருந்து போட்டிருந்த சட்டையோடு, வியர்வையோடு, குளிக்காத கையை நீட்டி என் பெண்ணை வாங்கிக்கொண்டேன்.